இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

சென்ற மாரியில் ஒரு பின்னேரம், கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்த நேரம், என்னுடைய கைத்தொலைபேசியில் அம்மாவுக்கு ஒரு வீட்டைக் காட்டினேன். நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரில் மேர்வேடபிளைன் என்றொரு சதுக்கம் இருக்கிறது. அங்கே 37ஆம் இலக்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் வீடு அது. திரையில் விரலை வைத்து இழுத்தால் அறை சுழலும். அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த அறைக்குப் போகலாம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டில், எழுதுமேசை, யன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆற்ற வீடு உது?"

"ஆன் பிராங்க் எண்ட பிள்ளையின்ர வீடு அம்மா. யுத்தத்துக்கை ஒளிச்சிருந்து டயறி எழுதின பிள்ளை."

"தெரியும். அண்ணை அந்தக் கதை சொல்லியிருக்கிறார்." கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "இப்ப உதில ஆர் இருக்கினம்?"

எங்கள் வலிகாமம் வடக்கு வீட்டைப் பற்றியும் இதே கேள்வியை அம்மா எத்தனையோ வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1990 ஆனியில் நாங்கள் வெளிக்கிட்டபோது படலையைச் சாத்திவிட்டுத்தான் வந்தோம். அதன் பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. வீடு இருக்கிறதா, இருந்தால் அதில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வேறு யாராவது என்றால் அந்த அம்ஸ்ரர்டாம் வீட்டைப் பார்த்து "எவ்வளவு பழையது?", "உள்ளே போக எவ்வளவு காசு?" என்று கேட்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு நான் அன்றே பதில் சொன்னேன். அதை இங்கே சொல்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆன் பிராங்கின் வீடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவள் ஒளித்திருந்த இடம்தான். அது பிரின்சன்கிராக்ட் என்ற கால்வாய்க் கரையில் 263ஆம் இலக்கம். அவளுடைய தந்தை ஒட்டோ பிராங்க் நடத்திய வியாபாரத்தின் கட்டடம் அது. அதன் பின்பகுதியில், புத்தக அலுமாரி ஒன்றால் மறைத்த வாசலுக்குப் பின்னால், எட்டுப் பேர் ஈராண்டுக்கு மேல் மறைந்திருந்தார்கள். அது அவர்களுடைய ஒளிப்பிடம். குடியிருந்த வீடு மேர்வேடபிளைனில் இருப்பது. ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்து தப்பி வந்த குடும்பம், 1933இன் கடைசியில் இருந்து 1942 ஜூலை 6 வரை அங்கேதான் இருந்தது. ஆனுக்கு 13 வயது நிறைந்த 1942 ஜூன் 12 அன்று நாட்குறிப்புப் புத்தகம் அவள் கைக்கு வந்ததும் அங்கேதான். உலகம் முழுவதும் வாசிக்கும் அந்த எழுத்தின் முதல் மூன்று கிழமை அந்த வீட்டில் நடந்தது.

ஜூலை 5ஆம் திகதி அக்கா மார்கொட்டை ஜேர்மனிக்கு வேலைமுகாமுக்கு அனுப்ப அழைப்புக் கடிதம் வந்தது. அடுத்தநாள் காலை, மழைக்குள், உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பெட்டி தூக்கிக்கொண்டு போனால் சந்தேகம் வரும். யூதர்கள் டிராமில் ஏறவும் தடை. கட்டில்களை மடிக்காமல், சாப்பாட்டு மேசையைத் துடைக்காமல், பூனையை அயலவரிடம் விட்டுப் போனார்கள். இந்த இடத்தை நான் சொல்லும்போது அம்மா எங்கள் செவலைப் பசுவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

ஒளிப்பிடம் எப்படி நூதனசாலையானது என்பதைப் பார்த்தால்தான் மற்ற வீட்டின் கதை விளங்கும். 1944 ஓகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். பிறகு அந்த அறைகளில் இருந்த தளபாடங்கள் எல்லாம் ஏற்றிச் செல்லப்பட்டன. நிலத்தில் சிதறிக் கிடந்த ஆனின் தாள்களை உதவியாளர்களான மீப் கீஸும் பெப் வொஸ்கைலும் எடுத்து வைத்ததால் எழுத்துத் தப்பியது. ஆன் 1945இன் தொடக்கத்தில் பேர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் தந்தை ஒருவர்தான். 1950களில் அந்தக் கட்டடத்தை இடிக்கத் திட்டம் இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1957இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1960 மே 3 அன்று கதவு திறந்தது.

ஒட்டோ பிராங்க் ஒரு விடயத்தில் உறுதியாக இருந்தார். அறைகள் வெறுமையாகவே இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போன மேசையையும் கட்டிலையும் போல வேறு வாங்கி வைத்தால், ஒன்றும் நடக்காதது போல ஆகிவிடும். இன்றும் அங்கே போகிறவர் காண்பது வெற்று அறைகளைத்தான். சுவரில் ஆன் ஒட்டிய சினிமா நடிகர்களின் படங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வளர வளரச் சுவர்த்தாளில் பென்சிலால் குறித்த உயரக் கோடுகள் இருக்கின்றன. நேசநாட்டுப் படைகள் முன்னேறியதை ஊசி குத்திப் பார்த்த நோர்மண்டி வரைபடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் வெறும் அறையில் எட்டுப் பேர் எப்படி நெருக்கிக்கொண்டு இருந்தார்கள் என்று ஒரு பிள்ளைக்கு எப்படி விளங்கும்? அதற்கு ஒட்டோ வேறு வழி கண்டார். 1961இல், தளபாடங்களோடு கூடிய சிறிய மாதிரி வீட்டைச் செய்வித்தார். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, யாருடைய கதிரை எங்கே என்று அவருடைய நினைவில் இருந்து செய்யப்பட்டது. ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு வடிவம்: பறிக்கப்பட்ட நிலையில் உண்மையான வீடு, வாழ்ந்த நிலையில் மாதிரி வீடு.

பிற்காலத்தில் கணினியில் செய்யப்பட்டவை எல்லாம் அந்த மாதிரி வீட்டின் தொடர்ச்சிதான் என்று எனக்குப் படுகிறது. 2010 ஏப்ரலில் ஒளிப்பிடத்தின் முப்பரிமாண வடிவம் இணையத்தில் வந்தது. அறை அறையாகப் போகலாம், தளபாடங்களைப் பார்க்கலாம், அங்கிருந்தவர்களின் கதையைக் கேட்கலாம். 2018இல் மெய்நிகர் கண்ணாடியை அணிந்து உள்ளே நடக்கும் வடிவம் வந்தது. அந்தக் கட்டடத்தின் படிகள் செங்குத்தானவை. சக்கர நாற்காலியில் வருபவரால் அவற்றில் ஏற முடியாது. அப்படியானவர்கள் கீழேயே இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே போய் வர முடிந்தது. எனக்கும் அம்மாவுக்கும் தடை படிகள் அல்ல, விசா. அதற்கும் இதே மருந்துதான் உதவியது.

இனி மேர்வேடபிளைன் வீடு. யுத்தத்துக்குப் பிறகு அதில் சாதாரணக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. 2004இல் ஒரு வீட்டு நிறுவனம் அதை வாங்கியது. பழைய குடும்பப் படங்களைப் பார்த்து 1930களின் பாணிக்குத் திருத்தியது. இன்னொரு வரிசையை வாசலில் நிறுத்தி, நுழைவுச்சீட்டு விற்றிருக்கலாம். ஒளிப்பிடத்துக்கு 2019இல் மட்டும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இங்கேயும் கூட்டத்துக்குக் குறைவு இருந்திருக்காது. அவர்கள் அதைச் செய்யவில்லை. சொந்த நாட்டில் சுதந்திரமாக எழுத முடியாமல் வந்த எழுத்தாளர்கள் தங்கி எழுதுவதற்கு 2005இல் அந்த வீட்டைக் கொடுத்தார்கள். 2017இல் வீடு ஆன் பிராங்க் இல்லத்தின் உடைமையான பிறகும் அந்த நோக்கம் மாறவில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஊரை விட்டு ஓடிவந்து எழுதிற ஆக்கள் அம்மா."

"அப்ப நல்லது" என்றார்.

ஒருவர் குடியிருந்து எழுதும் வீட்டுக்குள் நாளாந்தம் ஆட்களை விடமுடியாது. ஆனால் ஆனின் வீட்டைப் பார்க்க உலகத்துக்கு ஆசை. 2019 ஜூனில், ஆனின் 90ஆவது பிறந்த நாளையொட்டி, கூகிள் நிறுவனத்தின் கலைப் பிரிவும் ஆன் பிராங்க் இல்லமும் சேர்ந்து அந்த வீட்டின் அறைகளை இணையத்தில் திறந்தன. தெருக்களைச் சுற்றிப் பார்க்கக் கூகிள் வைத்திருக்கும் அதே முறை இங்கே வீட்டுக்குள் வந்தது. ஆனும் மார்கொட்டும் பகிர்ந்துகொண்ட அறைக்குள்ளும் போகலாம். திரை பார்வையாளரை ஏற்றுக்கொள்கிறது, வீடு எழுத்தாளரை வைத்திருக்கிறது. இலத்திரனியல் நூதனசாலைகளைப் பற்றி நான் வாசித்தவற்றில் என் மனதுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தத் திரையில் தெரியும் தளபாடங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குப் பொருத்தமாகத் தேடிச் சேர்த்தவை. அவசரமாகப் பார்க்கிறவருக்கு இது ஆன் இருந்து எழுதிய அதே மேசை என்று தோன்றிவிடும். அந்த வீட்டில் எனக்கு ஐயமில்லாமல் உண்மையாகப்படுவது யன்னல். 1941 ஜூலை 22 அன்று பக்கத்து வீட்டுக் கலியாணத்தை யாரோ படம் பிடித்தபோது, மாடி யன்னலில் எட்டிப் பார்க்கும் ஆன் சில நொடிகள் அதில் விழுந்துவிட்டாள். அவள் அசைவதைக் காட்டும் ஒரேயொரு படச்சுருள் அதுதான். யூரியூப்பில் இருக்கிறது.

இப்படியொன்றை எப்படிச் செய்கிறார்கள்? வீடு நிற்கிறது என்றால் வழி இலகு. அறையின் நடுவில் கமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, சுற்றிவரப் படங்களை எடுத்துக் கணினியில் ஒட்டினால் உருண்டையான ஒரு படம் கிடைக்கும். மேர்வேடபிளைன் வீட்டில் நாம் சுழற்றிப் பார்ப்பது அதைத்தான். இன்னொரு முறையில், ஒரே சுவரையோ தூணையோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நூற்றுக்கணக்கான படங்களாக எடுப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் பாதிக்கு மேல் முன்னைய படத்தில் உள்ளதே இருக்க வேண்டும். பொதுவான புள்ளிகளைக் கணினி அடையாளம் கண்டு முப்பரிமாண வடிவத்தைக் கட்டும். இதற்கு இலவச மென்பொருட்களும் உண்டு. லேசர் ஸ்கான் என்பது ஒளிக்கற்றை போய்த் திரும்பும் விதத்தில் இருந்து தூரத்தை அளப்பது. கருவி விலை கூடியது, அளவு துல்லியமானது. பிறகு அந்த வடிவத்தின் மேல் தொடுபுள்ளிகளை வைப்பார்கள். மேசையைத் தொட்டால் ஒரு குரல், அலுமாரியைத் தொட்டால் ஒரு கடிதம்.

எங்களுக்கு உள்ள சிக்கல் வேறு. எங்கள் வீடு நிற்கவில்லை.

அது சீதனமாக அம்மாவுக்கு வந்த வீடு. கலியாணம் கட்டாத பெரியமாமா முன்னறையில் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். இரவில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் கதை எழுதுவார். சில கதைகள் பேப்பரில் வந்தன. மிச்சமெல்லாம் கட்டிலுக்குக் கீழே ஒரு றங்குப்பெட்டியில் இருந்தன. நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் அதை விட்டு வந்தோம். மாமா 1997இல் வன்னியில் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். காணி விடுபட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது 27 வருடம் கழிந்திருந்தது. சுவர் ஒன்றும் இல்லை. கிணறு அரைவாசி தூர்ந்திருந்தது. பற்றைக்குள் முன்னறையின் சிவப்புச் சீமெந்து நிலம் மட்டும் வெடிப்போடு கிடந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார்.

கணினி படிக்கும் எங்கள் மருமகன் ஒருவன்தான், அந்த வீட்டைத் திரையில் கட்டலாம் மாமா என்றான். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் எங்களிடம் கொஞ்சம் இருந்தது. சிவப்பு நிலத்தை நாடா பிடித்து அளந்தோம்: 11 அடிக்கு 10 அடி. கிணற்றுக்கும் அதற்கும் இடைத்தூரம் கிடைத்தது. கனடாவில் இருக்கும் சின்னம்மாவிடம் மூன்று படங்கள் இருந்தன. ஒன்று சாமத்தியவீட்டுப் படம். அதில் விறாந்தைத் தூண்கள் இரண்டு முழுதாகத் தெரிகின்றன. இன்னொன்றில் முன்னறை யன்னல், கம்பிகளோடு. நில அகலம் தெரிந்ததால், படத்தில் அதோடு ஒப்பிட்டு யன்னலின் உயரத்தையும் ஏறத்தாழக் கணக்கிட முடிந்தது. சாமத்தியவீட்டில் ஆட்களைத்தான் எல்லோரும் பார்ப்போம். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

மிச்சம் அம்மாவிடம் இருந்தது. குசினி எவ்வளவு நீளம் என்று கேட்டால் தெரியாது என்பார். கண்ணை மூடிக்கொண்டு குசினியில் இருந்து கிணற்றடிக்குத் தண்ணி அள்ளப் போங்கோ என்றால், முற்றத்தில் அடி வைத்து எண்ணுவார். இருட்டில் விளக்குக் கொளுத்த எந்தப் பக்கம் கை நீட்டுவீர்கள் என்று கேட்டால் கை தானாகப் போகும். ஒட்டோ பிராங்கின் மாதிரி வீட்டை நான் இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முகாம்களில் இழந்த மனிதர், அவர்களின் கட்டில்கள் எவ்வளவு நீளம் என்று ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நினைவு பிழைக்கும். அம்மாவும் சின்னம்மாவும் முன்னறைக் கதவு உள்ளே திறந்ததா வெளியே திறந்ததா என்று வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது, மரபுரிமைக் கணினிக் காட்சிகளுக்காக ஆய்வாளர்கள் வகுத்த இலண்டன் சாசனம். 2006இல் எழுதி 2009இல் திருத்தியது. எது சான்றோடு உள்ளது, எது ஊகம் என்பதைப் பார்க்கிறவர் பிரித்தறியக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான கோரிக்கை. மருமகன் அதை எளிதாகச் செய்தான். அளந்தது அழுத்தமான நிறம். படத்தில் கண்டது கொஞ்சம் மங்கல். நினைவில் மட்டும் உள்ளது கோடு. எங்கள் வீட்டின் குசினி முழுக்கக் கோடுதான். கதவை இரண்டு பக்கமும் திறக்கும்படி வைத்து, இரண்டு பேரின் குரலையும் பதிந்திருக்கிறோம்.

இதை வாசிக்கும் யாராவது தங்கள் வீட்டை, அல்லது ஊரில் இருந்த ஓர் எழுத்தாளரின், கூத்துக்காரரின் வீட்டை இப்படிச் செய்ய நினைத்தால், பட்டு அறிந்த சிலதைச் சொல்கிறேன். மென்பொருளில் தொடங்காதீர்கள். ஆட்களில் தொடங்குங்கள். எண்பது வயதுக்காரருக்கு அடுத்த வருடம் நிச்சயமில்லை, கணினி எப்போதும் வாங்கலாம். குரலைப் பதியும்போது பெயரையும் திகதியையும் முதலில் சொல்ல வையுங்கள். உறுதி இலக்கம், எல்லை அளவு, உயிரோடிருப்பவர்களின் முகம் ஆகியவற்றைப் பொதுவில் போடாதீர்கள். எங்கள் ஊர்களில் காணிப் பிணக்கு இல்லாத வீடு அபூர்வம். நாங்கள் கிணற்றை வரைந்ததுமே, அதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒருவர் தொலைபேசி எடுத்துவிட்டார்!

பிரதி எடுப்பது இன்னும் முக்கியம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. கணினியில் இருப்பது எரியாது என்று நினைக்கக்கூடாது. பிளாஷ் என்ற தொழில்நுட்பம் 2020 முடிவில் கைவிடப்பட்டபோது, அதில் செய்த எத்தனையோ ஊடாட்டப் பக்கங்கள் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாகின. அசையும் காட்சி சில வருடங்களில் பழசாகும். அதற்கு அடியில் உள்ள படம், குரல், அளவுத்தாள் ஆகியவற்றை எல்லாக் கணினியும் திறக்கக்கூடிய எளிய வடிவில் வையுங்கள். குறைந்தது மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில். 2005இல் இருந்து இயங்கும் நூலகம் இலத்திரனியல் நூலகம் போன்ற இடங்கள் எங்களுக்கு உண்டு. மாமாவின் கதைகள் இரண்டு, பழைய பேப்பர்களைத் தேடித் தேடித்தான் எங்களுக்குக் கிடைத்தன. மற்றவை எத்தனை, என்ன தலைப்பு என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

போன கிழமை மருமகன் வீட்டின் வடிவத்தைக் கொண்டுவந்து காட்டினான். முன்னறையில் கட்டில், அதற்குக் கீழே றங்குப்பெட்டி. பெட்டி முழுக்கக் கோடுதான். அதைத் தொட்டால் மாமாவின் இரண்டு கதைகளும் விரியும்படி வைத்திருந்தான். அம்மா திரையில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கதைகள் வந்தன. மூடச் சொன்னார்.

"இந்த ரெண்டும் பேப்பரில வந்தது தம்பி, உது பெட்டிக்கை இருக்கேல்லை. மேசையில வை."

"அப்ப பெட்டியைத் தொட்டா என்ன வரவேணும் அம்மம்மா?"

"ஒண்டும் வராது. திறப்பு அண்ணையிட்டை."